தோப்பு நாய்க்கும் நம்மீது ஓர் உரிமை உண்டு



நாயைப் பற்றி நம் வீடுகளில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியோடு முடிந்துவிடுகிறது: வளர்க்கலாமா, கூடாதா? ஆலிம்களிடம் கேட்கப்படுவதும் அதுவே. தோப்புக் காவலுக்கு வளர்க்கலாம் என்று விடை கிடைத்துவிட்டால், அந்த நாய் அன்றிரவு எதைத் தின்னும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கப்படாத அந்த இரண்டாம் கேள்வியைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

2025ஆம் ஆண்டில் சமூக ஊடகக் காணொளிகளின் வழியே கூமாப்பட்டியின் பெயர் தமிழகமெங்கும் பரவியது. தண்ணீரையும் பசுமையையும் பார்க்க வண்டி பிடித்து வந்தவர்கள் பலர். பகலில் வந்து பகலிலேயே திரும்பியவர்கள் அவ்வூரின் இரவைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம் அது. பிளவக்கல் அணையும் அருகிலேயே இருக்கிறது. மேலே எழும் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. இருட்டிய பின் காட்டுப்பன்றி இறங்கும்; சில இரவுகளில் யானையும் இறங்கும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருப்போர், குத்தகைக்கு எடுத்திருப்போர் யாவரும் வத்திராயிருப்பு முதல் ராஜபாளையம் வரை இதை அறிவர். அவர்களுள் நம் சமுதாயத்தினரும் உண்டு. அங்கே நாய் என்பது அலங்காரப் பொருளன்று. காவலாளி உறங்கும்போதும் விழித்திருக்கும் இன்னொரு காவலாளி அது.

மார்க்கம் இந்த நாய்க்கு இடம் தந்திருக்கிறது. காரணமின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைந்துவிடும் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்கள், வேட்டைக்கும் கால்நடைக்கும் விளைநிலத்துக்குமான நாய்களுக்கு விலக்களித்தார்கள் என்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். இரண்டு கீராத் எனக் கூறும் அறிவிப்பும் உண்டு. விளைநிலம் என்பது அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் தெளிவாகவே வருகிறது. ஆகவே தோப்பு நாயை வைத்திருப்பவர் குற்ற உணர்வோடு வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வேட்டை நாய்க்கான விலக்கைக் காட்டி மலைப்பக்கம் நாயை அவிழ்த்து விடுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றம். முயலாக இருந்தாலும் குற்றமே. தோப்பின் வேலியோடு நம் நாயின் வேலையும் முடிகிறது.

பேசுவதற்கு நாம் தயங்கும் இடத்துக்கு இனி வருவோம். பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் போடாமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் முடிவை நம் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் நீர் மொண்டு வந்தவரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்த செய்தியையும் கேட்கிறார்கள். அந்த நாய் யாருடைய நாய் என்று ஹதீஸில் இல்லை. யாருடையதோ ஆன நாய்க்கே அவ்வளவு என்றால், நாமே சங்கிலி மாட்டி நம் தென்னையில் கட்டியிருக்கும் நாய்க்கு எவ்வளவு! ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 660இல் மறைந்தவர், மனிதர் மீது விலங்குகளுக்கு இருக்கும் உரிமைகளைத் தம் நூலொன்றில் வரிசைப்படுத்தியிருக்கிறார். அவற்றுள் முதன்மையானது தீனிச் செலவு. விலங்கு முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போன பின்பும் அச்செலவு உடையவர் பொறுப்பே என்பது அவர் கருத்து. எண்ணூறு ஆண்டுகளுக்கு அருகாகப் பழைய இந்தச் சொல், வத்திராயிருப்புச் சாலையோரம் எலும்பும் தோலுமாகத் திரியும் கிழட்டு நாய்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருகிறது.

நம் பக்கத்து நாய்கள் சாதாரண நாய்களுமல்ல. ராஜபாளையம் நாய்க்கு 2005ஆம் ஆண்டு ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது. ராம்பூர், முதோல், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றுக்கும் அன்றே தபால்தலைகள் வந்தன. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கோம்பையையும் பெயர் சொல்லிப் பேசிய பிறகு குட்டிகளுக்குத் தேவை கூடியது. (நாயை விலைக்கு வாங்குவது பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு, வாங்குமுன் தம் பகுதி ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.) பெயரும் பெருமையும் வந்தன, தட்டு மாறவில்லை. உயரமான, மார்பு ஆழமான, 25 கிலோ அளவு எடையுள்ள ஓர் உயிருக்குப் பல தோப்புகளில் இன்றும் கிடைப்பது நேற்றைய சோறும் ரசமும்தான். வெறும் சோறு வயிற்றை நிரப்பும். தசைக்கும் எலும்புக்கும் வேண்டியதைத் தராது. விருந்து வீட்டில் மிஞ்சிய பிரியாணியைக் கொண்டுபோய்க் கொட்டுவதைத் தர்மம் என்று எண்ணுவோர் இருக்கிறார்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தக்கூடியது. பசியோடு போட்டால்தான் நன்றாகக் குரைக்கும் என்று ஒரு நம்பிக்கையும் நம்மிடையே உலவுகிறது. பசித்த நாய் தோப்பைக் காக்காது. தீனி தேடி அடுத்த தோப்புக்குப் போகும், அல்லது முன்பின் தெரியாதவர் நீட்டும் துண்டுக்கு வாலாட்டும்.

இங்குதான் கடையில் விற்கும் உலர்தீனி நம் போன்ற குடும்பங்களுக்குப் பொருந்தி வருகிறது என்று கருதுகிறோம். வசதியானவர்களின் ஆடம்பரம் என்று அதை ஒதுக்குவது சரியன்று. நம் அடுப்படிப் பாத்திரங்களை நாய்த்தீனிக்கு எடுக்க வேண்டியதில்லை. கையில் ஈரம் படாமல் அளந்து போடலாம். நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண்ணால் கழுவ வேண்டும் என்ற சட்டத்தைப் பேணுவோருக்கு, தோப்பிலேயே ஒரு தட்டையும் அளவுக் குவளையையும் தனியே வைத்துவிட்டால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் இருமுறை மட்டுமே தோப்புக்குப் போகக்கூடியவர், அங்கிருக்கும் காவலாளியிடம் பையை ஒப்படைத்துவிட்டு வரலாம், கெட்டுப்போகாது.

விலைதான் தடை. பெடிகிரி, ட்ரூல்ஸ், ராயல் கேனின் என்று கடைப்பலகையில் அடுக்கியிருக்கும் பைகளின் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் அதிகம். பையின் விலையைப் பார்ப்பதே முதல் தவறு. நாளொன்றுக்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். ஓரளவு ஓடியாடும் 25 கிலோ நாய்க்கு நாளைக்கு ஏறத்தாழ 1,250 கிலோ கலோரி தேவை. ஒரு கணக்குக்காக மூன்று பைகளை எடுத்துக்கொள்வோம். முதல் பை கிலோ 120 ரூபாய், 100 கிராமில் 310 கிலோ கலோரி. நாளைக்கு 403 கிராம் வேண்டும். செலவு சுமார் 48 ரூபாய். இரண்டாம் பை கிலோ 180 ரூபாய், 100 கிராமில் 370 கிலோ கலோரி. 338 கிராம் போதும். செலவு 61 ரூபாய். கடையில் ஒன்றரை மடங்கு விலையாகத் தெரிந்தது, தட்டில் வரும்போது நான்கில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. மூன்றாவது கிலோ 400 ரூபாய், 390 கிலோ கலோரி என்றால் நாளைக்கு 128 ரூபாய் ஆகும். மாதம் மூவாயிரத்து எண்ணூறைத் தாண்டும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் உள்ள இரண்டாயிரம் ரூபாய் தோப்பு நாய்க்குப் பெரிய பயன் எதையும் தந்துவிடாது. நடுத்தரப் பையே போதும் என்பது நம் முடிவு. மிக மலிவான பையை வாங்குவோர் பெரும்பாலும் தவிடுக்கும் சக்கைக்குமே காசு கொடுக்கிறார்கள். அதில் பாதி தோப்பு மண்ணில்தான் போய் விழுகிறது.

பையில் கலோரி அச்சிட்டிருக்கவில்லை என்றால் கொழுப்பின் அளவைப் பார்க்கலாம். ஒரு கிராம் புரதமும் மாவும் தருவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான ஆற்றலை ஒரு கிராம் கொழுப்பு தருகிறது. வளர்ந்த நாய்க்கான தீனியில் ஈரப்பதம் நீக்கிக் கணக்கிட்டால் புரதம் 18 விழுக்காட்டுக்கும் கொழுப்பு 5.5 விழுக்காட்டுக்கும் குறையக்கூடாது என்பது உலக அளவில் பலர் பின்பற்றும் அமெரிக்க அளவுகோல். இரவெல்லாம் வேலியோரம் ஓடும் நாய்க்கு நாம் 22 முதல் 24 விழுக்காடு புரதமும் 10 விழுக்காட்டுக்குக் குறையாத கொழுப்பும் உள்ள பையைச் சொல்வோம். பையின் முன்பக்கத்துப் படம் எதையும் சொல்லாது. பின்பக்கத்தின் சிறிய எழுத்துதான் சொல்லும். அதில் ‘முழுமையான, சமச்சீரான உணவு’ என்று இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று இருக்கிறதா எனப் பாருங்கள். ‘கூடுதல் தீனி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பாடன்று, நொறுக்குத்தீனி.

அதே சிறிய எழுத்தில்தான் நமக்குரிய இன்னொரு கேள்விக்கும் விடை இருக்கிறது. பன்றியை விற்பதும் வாங்குவதும் நமக்குத் தடை. நாய் மார்க்கச் சட்டத்துக்கு உட்பட்ட உயிரன்று. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவர் உட்பட்டவர். தானே செத்ததன் இறைச்சியை நாய்க்குப் போடுவதில் ஃபுகஹாக்கள் பலர் தளர்வு காட்டியிருக்கிறார்கள். பன்றி கலந்ததை விலைக்கு வாங்குவதில் அந்தத் தளர்வைத் தேட வேண்டாம். பொருட்பட்டியலில் ‘இறைச்சியும் அதன் உபபொருட்களும்’ என்று விலங்கின் பெயரின்றி எழுதியிருந்தால் அந்தப் பையை விட்டுவிடலாம். கோழி, மீன், முட்டை என்று பெயர் சொல்லும் பைகளும் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. மேலும், எந்த இறைச்சி என்று சொல்லும் பையில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். சொல்லாத பையில் மாதந்தோறும் அது மாறலாம். பேணுதலும் சிக்கனமும் ஒரே பையில் அமைந்துவிடுகின்றன, அல்ஹம்துலில்லாஹ்.

குட்டிகளின் செய்தி வேறு. பெரிய இனக் குட்டிக்கு எலும்பு வலுவாக வேண்டும் என்று கால்சியம் மருந்தை ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியில் வேரூன்றியிருக்கிறது. முழுமையான குட்டித்தீனி போடும்போது அதற்குமேல் கால்சியம் கொடுப்பது தீங்கு. வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும் ஆற்றல் சிறு குட்டியின் குடலுக்கு இல்லை. மிகையான கால்சியமும் மிகையான தீனியும் சேர்ந்தே முன்னங்கால்களை வளைத்துவிடுகின்றன. ‘பெரிய இனக் குட்டிகளுக்கு’ என்று எழுதிய பையைத் தேடி வாங்குங்கள். அதில் கால்சியம் அளவோடு இருக்கும். பெட்டைக்கும் குட்டிக்கும் வேண்டிய புரதம் வளர்ந்த நாயினும் அதிகம். முதல் ஓராண்டுக்கு இதில் காசைப் பார்க்க வேண்டாம். குட்டியை மொத்தமாகக் கொழுக்க வைப்பதும் நலமன்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இயல்பிலேயே மெலிந்தவை. தடவினால் விலா தட்டுப்பட வேண்டும்.

தட்டில் ஒருவேளை மலையாகக் குவிப்பதும் வேண்டாம். மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரும். சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடும். ஒரே வேளையில் அதிகம் தின்பதும் தின்றவுடன் ஓடுவதும் அதற்கு வழி செய்யலாம். காலையிலும் அந்தியிலும் பாதி பாதியாகப் போடுங்கள். அந்தித் தீனியைச் சற்று முன்னதாகவே போட்டுவிட்டால் இரவு ஓட்டத்துக்கு முன் வயிறு அமைதியாகும். உலர்தீனியில் ஈரப்பதம் பத்தில் ஒரு பங்குதான். நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாத நல்ல நீர் பக்கத்தில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது போதாது. கிணற்றில் இறங்கியவரின் கதையை அறிந்த நாம், பம்புசெட்டுத் தோப்பில் காய்ந்த தொட்டியை வைத்திருக்கலாகாது.

உலர்தீனி கெட்டுப்போகாது என்று சொன்னோம். பை மூடியிருக்கும் வரைதான் அது உண்மை. மக்காச்சோளமும் கடலையும் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்லடாக்ஸின் நாயின் ஈரலை அழிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. கடைகளில் மூட்டையை அவிழ்த்துக் கிலோ கணக்கில் சில்லறையாக விற்பதை வாங்காதீர்கள். எப்போது செய்தது, எவ்வளவு நாளாகத் திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மாட்டுக்கு வாங்கிய கடலைப்பிண்ணாக்கை நாய்ச்சோற்றில் கலப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. பெரிய பையாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும். ஆனால் மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கே வாங்க வேண்டும். 25 கிலோ நாய்க்கு மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோ என்பதால், இருவர் சேர்ந்து 20 கிலோப் பை ஒன்றை எடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம். அண்டைத் தோப்புக்காரர் எந்தச் சமயத்தவராயினும் இதில் கூட்டுச் சேரத் தடையில்லை. பையோடு அப்படியே மூடியுள்ள தகர டின்னில் இறக்கி வையுங்கள், எலியும் வராது.

மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் இயலாது என்போர் உண்டு. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. பாதி உலர்தீனி, பாதி வீட்டுத்தீனி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுத்தீனி என்றால் மிச்சம் மீதி என்று பொருளன்று. அரிசியோ கேழ்வரகோ குழைய வேகவைத்து, அதில் கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலும் இரைப்பையும், அல்லது இரண்டு அவித்த முட்டையும் சேர்த்து, காரமும் வெங்காயமும் இன்றிப் போடுவது. அதற்கென்று ஒரு பானையைத் தோப்புக் கொட்டகையிலேயே வைத்துவிடலாம். உலர்தீனியின் பாதி தாதுக்களையும் உயிர்ச்சத்துகளையும் ஓரளவு ஈடு செய்யும்; முழுக்க வீட்டுத்தீனியே என்றால் கால்நடை மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் செய்ய வேண்டாம்.

குர்பானி நாளைப் பற்றியும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது. அறுத்த ஆட்டின் நுரையீரலிலோ ஈரலிலோ நீர்க்கட்டி தெரிந்தால், நமக்கு ஆகாது என்று அதை நாய்ப்பக்கம் எறிந்துவிடுகிறோம். அந்தக் கட்டி ஒரு நாடாப்புழுவின் கூடு. பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அது வளர்ந்து, மலத்தோடு முட்டைகளாக வெளியேறி, மண்ணிலும் கீரையிலும் ஒட்டி நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும். பல ஆண்டுகள் கழித்து மனித ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டியாக வெளிப்படும். அறுவை சிகிச்சை வரை இழுத்துச் செல்லும். கட்டி உள்ள உறுப்பை ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். நல்ல உறுப்பாயினும் நன்றாக வேகவைத்தே போடுங்கள். நாடாப்புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தீனிச் செலவின் பகுதியாகவே கருதப்பட வேண்டியவை. நாய்களிடமிருந்து காட்டு விலங்குகளுக்குத் தொற்றும் நோய்கள் உண்டு என்பதால், புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் நாய் வைத்திருப்போருக்கு மற்றத் தடுப்பூசிகளும் கடமை போன்றவையே.

இனி, நமக்குப் பெரிதும் வருத்தம் தரும் ஒன்று. மாங்குத்தகை தை, மாசியில் பூக்கும் காலத்தில் பேசப்படுகிறது; ஆனி, ஆடியில் காய் இறங்கியதும் முடிகிறது. குத்தகைதாரர் நாயைக் கொண்டுவருகிறார். கூடையையும் சாக்கையும் ஏற்றிக்கொண்டு போகும்போது நாயை ஏற்றுவதில்லை. நிலத்துக்காரர் ‘அது உங்கள் நாய்’ என்கிறார். குத்தகைதாரர் ‘தோப்பு நாய்தானே, தோப்பிலேயே கிடக்கட்டும்’ என்கிறார். அடுத்த பூ பூக்கும் வரையுள்ள ஆறு, ஏழு மாதங்கள் அதற்குத் தட்டே இல்லை. அதில் பெரும்பாலானவை சாலைக்கு வருகின்றன. சில காட்டுக்குள் போய்ச் சிறுத்தைக்கு இரையாகின்றன.

குத்தகைப் பேச்சில் உரத்துக்கு யார், பம்புசெட்டுப் பழுதுக்கு யார், கூலிக்கு யார் என்று ஒவ்வொன்றாகப் பேசி எழுதிக்கொள்கிறோம். அடுத்த தையில் பேச உட்காரும்போது அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேரட்டும்: நாயின் தீனி ஆடி முதல் மார்கழி வரை யார் பொறுப்பு, மாதம் எத்தனை கிலோ. பேச்சுக்குச் சாட்சியாக உட்காரும் ஜமாஅத் பெரியவர்கள் அந்த வரியைக் கேட்டு வாங்கினால், பின்பு அதை எவரும் மறுக்க மாட்டார்கள்.